புந்தோங்கில் முளைத்த பயறு

ஈப்போ நகரத்தை ஒட்டி, மேற்கே இருக்கும் புந்தோங்கில் இரண்டு தொழில்கள் அக்கம்பக்கத்தில் நடக்கின்றன. காச்சாங் பூத்தே கம்பத்தில் தமிழர்கள் கடலை, முறுக்கு, ஓமப்பொடி எல்லாம் பொரித்து நாடு முழுக்க அனுப்புகிறார்கள். சற்றுத் தள்ளி, சீனர்களின் கொட்டகைகளில், இருட்டுக்குள் பச்சைப்பயறு முளைவிட்டுக்கொண்டிருக்கிறது. அந்த முளையைத்தான் மலேசியாவில் தவுகே என்கிறோம். ஈப்போ தவுகே என்றால் வெளியூர்க்காரர்கள் தனியாகக் கேட்டு வாங்குவார்கள். குட்டையாக, பருத்து, கடித்தால் நறுக்கென்று உடையும்.

சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கடலைப் பொட்டலத்தோடு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கென்னவோ அந்த இருட்டுக் கொட்டகைதான் பெரிய கதையாகத் தெரிகிறது. தமிழர் வறுக்கும் நிலக்கடலையின் பூர்வீகம் தென்னமெரிக்கா. சீனர் முளைக்கவைக்கும் பயற்றின் பூர்வீகமோ நம் பக்கம். கர்நாடகத்தில் பெல்லாரிக்கு அருகே சங்கனகல்லுவிலும் அதைச் சுற்றியுள்ள புதிய கற்கால ஊர்களிலும், ஏறக்குறைய 4000 ஆண்டுகளுக்கு முந்தைய அடுப்புச் சாம்பலுக்கிடையே கொள்ளோடு கொள்ளாகக் கருகிப்போன பயறு கிடைத்திருக்கிறது. காட்டுப்பயற்றிலிருந்து வீட்டுப்பயறு பிறந்தது இந்திய மண்ணில்தான் என்பதில் இன்று யாருக்கும் சண்டையில்லை. அங்கிருந்து முதலில் தென்கிழக்காசியாவுக்குப் போய், அதன் பிறகே சீனா பக்கம் பரவியது என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன.

சீனாவில் அது முதலில் பெரிய மரியாதை பெற்றதாகத் தெரியவில்லை. 6ஆம் நூற்றாண்டின் வேளாண் நூலான ‘சீமின் யாவ்ஷு’ பயற்றைப் புகழ்வது தின்பதற்காக அல்ல. மண்ணுக்கு உரமாக உழுதுவிட அதைவிடச் சிறந்தது இல்லை என்பதற்காக. மரியாதை வந்தது 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். சோங் வம்சத்துப் பேரரசர் ஜென்சோங் விவசாயத்தில் கவனமுள்ளவர். வறட்சி தாங்கும் நெல் சம்பா நாட்டில், அதாவது இன்றைய வியட்நாம் கரையில், இருப்பதாகவும், மணி பெரிதாகக் கொத்துக்கொத்தாகக் காய்க்கும் பயறு இந்தியாவில் இருப்பதாகவும் கேள்விப்பட்டு, விலையுயர்ந்த பொருள்களோடு ஆளனுப்பி விதை வாங்கிவரச் செய்தார். நெல் 20 ‘ஷி’ வந்தது, பயறு 2 ‘ஷி’ வந்தது என்று வென்யிங் என்ற துறவி எழுதிவைத்திருக்கிறார். அரண்மனையின் பின்தோட்டத்தில் விதைத்து, அறுவடையானதும் அமைச்சர்களைக் கூப்பிட்டுச் சுவைக்கச் சொன்னாராம். இதே ஜென்சோங்கின் அவைக்குத்தான் 1015இல் சோழ நாட்டுத் தூதர்கள் முத்தும் யானைத் தந்தமும் கொண்டுபோனார்கள். பயற்றையும் சோழர் கணக்கில் சேர்த்துவிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த விதை வந்தது நடு இந்தியாவிலிருந்து என்று துறவி தெளிவாகவே சொல்லிவிட்டார்.

முளையின் கதை இதிலிருந்து சற்று விலகி, பெண்களின் கையில் தொடங்குகிறது. 1127இல் எதிரிகளிடம் விழுந்த சோங் தலைநகர் கைஃபெங்கை நினைத்து ஏங்கி, 1147இல் மெங் யுவான்லாவ் ஒரு நூல் எழுதினார். ஏழாம் மாதம் ஏழாம் நாள் இரவு, பெண்கள் கைத்திறன் வேண்டி வழிபடும் திருநாள். அதற்காகப் பயற்றையும் கோதுமையையும் பீங்கான் கிண்ணத்தில் நீரூற்றி ஊறவைத்து, விரல் நீளத்துக்கு முளைவந்ததும் சிவப்பும் நீலமுமான நூல்களால் கட்டிவைப்பார்களாம்.

இதைப் படிக்கும் தமிழருக்கு முளைப்பாரி நினைவுக்கு வராமல் போகாது. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும் பயறு, மொச்சை முதலான தானியங்களை ஊறவைத்து, எருவிட்ட சட்டியில் தூவி, வெயில் படாத அறையில் வைத்து, நாள் தவறாமல் தண்ணீர் தெளித்து வளர்ப்பது. இருட்டில் வளர்வதால் தண்டு வெளுத்து நெடுநெடுவென்று எழும். பெண்கள் சுற்றிநின்று கும்மி கொட்டுவார்கள். திருநாளன்று தலையில் சுமந்துபோய் ஆற்றிலோ குளத்திலோ கரைத்துவிடுவார்கள். ஆக, பயற்றை இருட்டில் வளர்த்தால் வெள்ளைத் தண்டு வரும் என்பது நம் பாட்டிகளுக்கும் தெரியும். சாமிக்கு வளர்த்ததைச் சட்டியில் போடக்கூடாது என்பதும் தெரியும். அதனால் நம் ஊரில் முளை கோயிலோடு நின்றது. அடுப்பங்கரைக்கு வந்தது முளைகட்டிய பயறு மட்டும்தான்: துணியில் முடிந்துவைத்து, மூக்கு நீட்டிய உடனே தாளித்துவிடுவது.

சீனர்கள் இன்னும் நான்கு நாள் பொறுத்தார்கள். 1596இல் அச்சான லி ஷிஜெனின் மூலிகைப் பெருநூல், மற்றப் பருப்புகளின் முளை வாடையும் நாருமாக இருக்கும், பயற்று முளை மட்டும் வெளுத்து அழகாய்த் தனித்து நிற்கும் என்ற பொருளில் பாராட்டுகிறது. வேலையும் லேசானதல்ல. முளைக்கும் பயறு மூச்சுவிடும், சூடாகும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை, நள்ளிரவிலும், தண்ணீர் விட்டுக் குளிரவைக்காவிட்டால் அத்தனையும் அழுகி நாறும். ஒளி பட்டால் பச்சை ஏறிக் கசக்கும். தொட்டியில் நெருக்கிப் போட்டு மேலே பாரம் வைப்பார்கள். அழுத்தம் பட்ட முளை எத்திலீன் வாயுவை விடும். அந்த வாயு தண்டை நீளவிடாமல் பருக்கவைக்கும். ஒரு கிலோ பயறு போட்டால் ஆறேழு கிலோ தவுகே எடுக்கலாம். காய்ந்த பயற்றில் அநேகமாக இல்லாத வைட்டமின் சி முளையில் வந்துவிடுகிறது. ஈப்போ தவுகே பருத்திருப்பதற்கு ஊர்க்காரர்கள் சொல்லும் காரணம் வேறு: நகரைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளின் தண்ணீர். தண்ணீருக்குப் பங்கு இருக்கலாம். தொட்டிக்குப் பக்கத்தில் கண்விழிக்கிற ஆளுக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு என்பது என் கட்சி.

ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்துக்கு அந்த ஆளை இழுத்துவந்தது ஈயம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லாருட், 1880களில் கிந்தாப் பள்ளத்தாக்கு என்று ஈயம் கிடைத்த இடமெல்லாம் குவாங்டோங் மாநிலத்து ஹக்கா மக்களும் கந்தோனியரும் வந்து குவிந்தார்கள். கொங்சி வீட்டில் கூட்டமாகத் தங்கி, அரிசி, கருவாடு, எண்ணெய் எல்லாவற்றையும் முதலாளியிடம் கடனுக்கு வாங்கித் தின்றார்கள். சுரங்கத்துக்காரனுக்குக் கீரை போட நிலம் ஏது? தவுகேவுக்கு நிலமே வேண்டாம். ஒரு மூட்டைப் பயறு, ஒரு பீப்பாய், தண்ணீர் இருந்தால் ஐந்தாறு நாளில் பச்சைக்காய்க்குப் பதில் சொல்லிவிடும். ஈப்போ கந்தோனியர் ஊரான பிறகு அவித்த கோழிக்குப் பக்கத்தில் வெந்நீரில் முக்கியெடுத்த தவுகேவை வைத்து, மேலே கிச்சாப்பும் (சோயா சோஸ்) நல்லெண்ணெயும் வெள்ளை மிளகுத்தூளும் தூவித் தின்கிற பழக்கம் ஊரின் அடையாளமாகவே நிலைத்தது. தவுகே ஆயாம் என்று இன்று வரிசையில் நின்று சாப்பிடுகிறோமே, அதுதான்.

தமிழர்களை இழுத்துவந்தது பால்மரம். 1877இல், பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ துரையின் காலத்தில், கோலக்கங்சாரில் நடப்பட்ட ரப்பர் கன்றுகள் பெருகி, 20ஆம் நூற்றாண்டு பிறந்ததும் பேராக் முழுக்கத் தோட்டங்களாயின. கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள்கட்டி வந்தார்கள். 1938இல் இந்திய அரசு தடுத்து நிறுத்தும்வரை அது ஓடியது. இந்தக் கதையில் வழக்கமாகச் சொல்லப்படும் ‘மூவினமும் கலந்து வாழ்ந்த’ பாட்டை நான் பாடப்போவதில்லை. சீனன் ஈயச் சுரங்கத்தில், தமிழன் தோட்டத்தில் என்று பிரித்துவைத்ததே வெள்ளைக்காரன் நிர்வாகம். லயத்திலிருந்து பார்த்தால் தெரிவது ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களம், ஆயாக்கொட்டகை, மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி. தோட்டத்து எல்லையில் ஒரு சீனன் கடை. அங்கேதான் தமிழ்ப் பெண்கள் தவுகேவைப் பார்த்திருக்க வேண்டும். காய்கறிகளிலேயே மலிவானது அது. அரைக்கட்டி வாங்கினால் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, 555 புத்தகத்தில் கடன் எழுதிக்கொள்வார்கள்.

வாங்கினார்களா என்றால் வாங்கினார்கள். சமைத்தது நம் முறைப்படி. சாம்பாரிலும் நெத்திலிக் குழம்பிலும் போட்டால் தவுகே பத்து நிமிடத்தில் நூலாகிவிடும். இதைப் பார்த்து நம் பெண்களுக்குக் கைப்பக்குவம் போதவில்லை என்று நினைப்பது அநியாயம். விடியுமுன் பிரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, மங்கு மங்காகப் பால் சேர்த்து, கொண்டுபோய் நிறுத்துவிட்டு வருகிறவளுக்கு உகந்தது குழம்புதான். உலையேற்றிவிட்டுத் துணி துவைக்கலாம், பிள்ளையைக் குளிப்பாட்டலாம். அது தன்பாட்டில் கொதிக்கும். சீனர் பிரட்டல் அப்படியல்ல. அடுப்பில் இருப்பது ஐந்தே நிமிடம். அந்த ஐந்து நிமிடமும் ஆள் அசையக்கூடாது. அதற்கு முன்னால் எல்லாம் நறுக்கி, கழுவி, வடித்து, வரிசையாகத் தட்டில் இருக்கவேண்டும். தோட்டத்து வாழ்க்கையில் அந்த ஐந்து நிமிடம் எளிதில் கிடைப்பதில்லை.

தீயில் புரட்டிய தவுகேவைத் தமிழருக்கு முதலில் ருசி காட்டியவர் என் கணக்கில் மாமாக்தான். சம்பள நாளில் டவுனுக்குப் போனால் தமிழ் முஸ்லிம் கடைக்காரர் மஞ்சள் மீயையும் தாஹுவையும் தவுகேவையும் மிளகாய் விழுதோடு குவாலியில் (சீன வாணலியில்) போட்டுப் புரட்டி மீ கோரேங் கொடுப்பார். மீ சீனருடையது, கை தமிழ்க் கை, தட்டில் பன்றிக்கறி இருக்காது என்ற நிம்மதி வேறு. பசெம்போரிலும் அவித்த தவுகே கிடக்கும். தமிழ் வீடுகளில் தவுகேவுக்கு மிளகாய் சேர்ந்தது சீனரைப் பார்த்தல்ல என்று இதனால்தான் சொல்கிறேன்.

அவசரகாலம் வந்து, டவுனுக்குப் போகும் இந்த வழியையும் குறுக்கியது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக்கொல்லப்பட்டார்கள்; நாடு முழுக்க அவசரகாலச் சட்டம் வந்தது. 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தில் ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, காட்டோரத்திலிருந்து கிளப்பி, முள்வேலி போட்ட 480 புதுக்கிராமங்களில் அடைத்தார்கள். அவற்றில் அதிகம் பேராக்கில்தான். பாசிர் பிஞ்சி, சீமீ, பெர்ச்சாம், குனோங் ராப்பாட் என்று ஈப்போவைச் சுற்றி இன்று சாதாரணப் பேட்டைகளாக இருப்பவை அப்படிப் பிறந்தவை. காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்குச் சோறு போகக்கூடாது என்பதற்காக வாயிலில் சோதனை. டின் உணவு விற்கும்போதே கடைக்காரர் துளைபோட்டுக் கொடுக்கவேண்டும். சில இடங்களில் அரிசியை வீட்டில் வைக்கவிடாமல், பொதுவில் பொங்கிச் சோறாகத்தான் கொடுத்தார்கள். வேலிக்குள் கிடந்தவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே முளைக்கும் காய் எவ்வளவு உதவியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தமிழ்ப் பெண்ணும் சீனப் பெண்ணும் ஒரே சுவருக்கு இரு பக்கம் அடுப்பு வைத்தது அதற்குப் பிறகுதான், அதுவும் ஒரு நாசத்தின் வழியாக. சுதந்திரத்துக்குப் பின் தோட்டத் துண்டாடல் வந்தது. பெரிய கம்பெனிகள் விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டுபோட்டு விற்றார்கள். வேலையும் போய் லயமும் போய்க் குடும்பங்கள் தெருவில் நின்றன. சுங்கை சிப்புட்டின் பிள்ளையான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பங்கு சேர்த்தது இதைத் தடுக்கத்தான். சில தோட்டங்கள் தப்பின. மற்றவற்றில் செம்பனை வந்தது, அல்லது வீட்டுமனை வந்தது. சனங்கள் புந்தோங்குக்கும் சிலிபினுக்கும் செம்மோர்ப் பக்கத்துத் தாமான்களுக்கும் வந்துசேர்ந்தார்கள். வரிசை வீடு. பின்கட்டில் ஆளுயரச் சுவர். அந்தப் பக்கம் குவாலி சீறுகிற சத்தம், இந்தப் பக்கம் குழம்பு கொதிக்கிற வாசம். ஒரு தீபாவளி முறுக்குத் தட்டும் ஒரு சீனப்புத்தாண்டு ஆரஞ்சுப் பையும் சுவரைத் தாண்டினால் போதும், பேச்சு வந்துவிடும். பேச்சு மொழி பசார் மலாய். இவள் “ஆசோ” என்பாள், அவள் “அக்கா” என்பாள். சமையல் பாடம் முழுக்க நான்கு சொல்லில் அடங்கும்: “அப்பி பெசார், செப்பாட் செப்பாட்!” தீயைப் பெரிதாக வை, சீக்கிரம் சீக்கிரம்.

அந்தப் பாடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நான்கு பேருக்குக் கோழித் தொடைக்கறி 300 கிராம், எலும்பில்லாமல். நாருக்குக் குறுக்கே மெல்லிசாக அரிந்து, கறுப்பில்லாத உப்புக் கிச்சாப்பு ஒரு கரண்டி, வெள்ளை மிளகுத்தூள், நல்லெண்ணெய் சில சொட்டு, சோளமாவு ஒரு சிறு கரண்டி போட்டுப் பிசைந்து கால் மணி நேரம் வைக்கவேண்டும். நம் வீட்டில் மஞ்சளும் தயிரும் செய்யும் வேலையை இங்கே சோளமாவு செய்கிறது. கறியின் சாறு வெளியேறாதபடி மேலே மெல்லிய தோல்போலப் படிந்துவிடும். தவுகே 400 கிராம். கழுவி, நன்றாக வடியவிட்டு, துணியில் பரப்பிவிட வேண்டும். இதில் சோம்பினால் பின்னால் எந்த வித்தையும் காப்பாற்றாது. பத்தில் ஒன்பது பங்கு தண்ணீரான காய் இது. கேரட் ஒன்று, தீக்குச்சி மாதிரி. குச்சாய் (பூண்டு வாசமுள்ள தாள்) ஒரு பிடி, இரண்டு அங்குலத் துண்டுகளாக. பூண்டு நான்கு பல், தட்டிப் பொடியாக நறுக்கியது.

இரும்புக் குவாலியை வெறுமையாகவே காயவைத்து, புகை எழும்பியதும் எண்ணெய் விடவேண்டும். கறியைப் பரப்பி, அரை நிமிடம் தொடாமல் விட்டு, பிறகே புரட்டவேண்டும். போட்டவுடன் கிண்டினால் ஒட்டும். முக்கால்வாசி வெந்ததும் தட்டில் எடுத்துவிடலாம். நம்மவர்கள் நம்பாமல் தயங்குவது இங்கேதான். வேகாத கோழியை இறக்குவதா என்று. கடைசியில் திரும்ப உள்ளே போகும்போது அது வெந்துவிடும். குவாலி மறுபடி புகையவேண்டும். பூண்டு, உடனே கேரட், ஒரு நிமிடம். தவுகே, குச்சாய், கோழி, ஒரு கரண்டி சோஸ் தீராம் (சிப்பி சோஸ்), ஒரு சிட்டிகை உப்பு. நாற்பது எண்ணுவதற்குள் அடியிலிருந்து தூக்கித் தூக்கிப் போட்டு இறக்கவேண்டும். தவுகே இன்னும் வேகவில்லை என்று தோன்றும்போது அடுப்பை அணைப்பதுதான் கணக்கு. தட்டுக்குப் போகும் வழியில் மீதி வேகும். மூடி போட்டால் கஞ்சி.

பழைய லயத்து அடுப்பு இதற்கு ஒத்துவந்திருக்கும் என்பது வேடிக்கை. மறுநடவுக்கு வெட்டிப்போட்ட பால்மர விறகு அங்கே தாராளம்; அது பிடித்தால் நாக்கு நீட்டி எரியும். இப்போது வீட்டிலுள்ள கேஸ் அடுப்பு அந்த வேகம் கொடுக்காது. அதனால் மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டாமல் இரண்டு தடவையாகப் பிரட்டவேண்டும். குளிர்ந்த தவுகே ஒரு குவியலாக விழுந்தால் குவாலி சூடிழந்து, காய் தன் தண்ணீரிலேயே அவியத் தொடங்கிவிடும். கூட்டுக் குடும்பத்துக்குச் சமைக்கிறவர்களுக்கு இந்த யோசனை எரிச்சலூட்டும். ஆனாலும் வேறு வழியில்லை.

தமிழ் வீட்டுக்குள் வந்த பின் இந்தப் பிரட்டல் சும்மா இருக்கவில்லை. காய்ந்த மிளகாய் சேர்ந்தது, கறிவேப்பிலை சேர்ந்தது. பிளாச்சான் (இறால் விழுது) போடுகிறவர்களும் உண்டு, கோழி இல்லாத நாளில் நெத்திலி போடுகிறவர்களும் உண்டு. வெள்ளிக்கிழமை மரக்கறியென்றால் கோழிக்குப் பதில் தாஹு, சோஸ் தீராமுக்குப் பதில் கிச்சாப்பு. சிலர் மஞ்சள்தூள் தூவி அந்த வெள்ளையைக் கெடுத்துவிடுகிறார்கள். ஆசோக்கள் இதையெல்லாம் பார்த்துச் சிரித்தாலும், காய்ந்த மிளகாயைத் தங்கள் குவாலிக்கும் எடுத்துக்கொண்டார்கள்.

இந்தப் பயறு மலேசியாவில் சொல்லும்படி விளைவதில்லை. மியன்மாரிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் மூட்டையாக வந்து, புந்தோங் போன்ற இடங்களில் தொட்டிக்குள் இறங்குகிறது. நல்ல தவுகே வேண்டுமானால் காலைச் சந்தைக்குப் போகவேண்டும். மத்தியானத்துக்குள் வால் பழுத்துவிடும். வாங்கியதைத் தண்ணீரில் மூழ்கவைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். தாளிப்பில் கடுகு வேண்டுமா என்று புந்தோங்கில் இன்னும் வீட்டுக்கு வீடு வாதம் உண்டு. வேண்டாம் என்பவர்கள் பக்கம் நான். கடுகு வெடித்து முடிவதற்குள் பூண்டு கருகிவிடுகிறது. நல்ல உணவகங்களில் ஒவ்வொரு முளையின் வாலையும் உட்கார்ந்து கிள்ளியெடுக்கிறார்கள், தட்டில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. வீட்டில் அரைக்கிலோ தவுகேவுக்கு வால் கிள்ள உட்கார்ந்தால் ஒரு சீரியல் ஓடிமுடியும். நான் கிள்ளுவதில்லை.